விடுபட்ட கட்டங்களும் இடம்பெயர்ந்த எச்சங்களும்: தமிழியலில் தொடர்புப் போக்கு ஆய்வுகள் குறித்து ஒரு திறனாய்வு

தமிழியல் ஆய்வரங்குகளில் எண்ணட்டவணைகள் பெருகிவருகின்றன. சங்கப் பாடல்களின் அடியளவு, சொற்பெருக்கம், உருபுகளின் வருகை முதலியவற்றை எண்ணி, அவ்வெண்களை நேர்கோட்டுத் தொடர்புப் போக்குக்கு உட்படுத்தி, அதிலிருந்து காலம், ஆசிரியர், நடை ஆகியன பற்றி முடிவுரைக்கும் கட்டுரைகளை இளைய ஆய்வாளர்கள் துணிவுடன் எழுதுகின்றனர். இம்முயற்சியை நான் மனமார வரவேற்பவன். எனினும் அக்கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகின்றது. அட்டவணையில் மதிப்பில்லாமல் கிடந்த கட்டங்கள் மென்பொருளுக்குள் சென்றபின் என்ன ஆயின? பெரும்பாலான கட்டுரைகளில் இதற்கு விடை இல்லை. கெழுக்கள் தரப்படுகின்றன; அவற்றின் அருகே பொருண்மைக் குறியாக விண்மீன்கள் இடப்படுகின்றன; எத்தனை பாட்டுகள் கணக்கில் நின்றன என்னும் எண் மட்டும் காணப்படுவதில்லை.

இதைப் பேச எனக்குள்ள தகுதி, இப்பிழையை நானே செய்தவன் என்பதுதான். ஆகவே என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் புறநானூற்றில் ஒவ்வொரு பாட்டிலும் வரும் வினையெச்சங்களை எண்ணினேன். அந்த எண்ணிக்கையைச் சார்ந்த மாறியாகவும், பாட்டின் அடி எண்ணிக்கை, சொல் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் சாரா மாறிகளாகவும் கொண்டு ஒரு தொடர்புப் போக்கு மாதிரி அமைத்தேன். எதிர்பார்க்கும் அளவிலிருந்து மிகவும் விலகி நிற்கும் பாட்டுகள் எவை என்று அறிவதே நோக்கம். உற்றுநோக்கிய மதிப்பிலிருந்து மாதிரி தரும் மதிப்பைக் கழித்தால் எஞ்சுவதைப் புள்ளியியலார் எச்சம் என்பர். வினையெச்சங்களின் எச்சம் என்று எழுத நேர்ந்தபோது நானே சிரித்துக்கொண்டேன். இலக்கணமும் புள்ளியியலும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டதற்கு யாரும் பொறுப்பல்லர்.

என் அட்டவணையில் 400 வரிசைகள் இருந்தன. 267, 268 ஆகிய இரு பாட்டுகளும் கிடைக்கவில்லை என்பதை அறிவோம். அவ்வரிசைகளில் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தேன். மென்பொருள் அவ்விரண்டையும் நீக்கிவிட்டு 398 எச்சங்களைத் தந்தது. அவற்றை ஒரு நெடுக்கையாக எடுத்து, 400 வரிசைகள் உள்ள விரிதாளில் முதல் வரிசையிலிருந்து ஒட்டினேன். 266ஆம் பாட்டு வரை எல்லாம் சரி. அதன்பின் ஒவ்வோர் எச்சமும் இரண்டு வரிசை மேலேறி நின்றது. 269ஆம் பாட்டின் எச்சம், இல்லாத 267ஆம் பாட்டின் எதிரே அமர்ந்தது. கடைசி இரு வரிசைகள் வெறுமையாக இருந்தன. எச்சங்களின் அளவை வைத்து உடனே வரிசை மாற்றி அடுக்கியதால் அந்த வெறுமை என் கண்ணில் படவில்லை.

விளைவு எளியதன்று. 279ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் மறக்குடித் தாயைப் பற்றியது. அப்பாட்டு எதிர்பார்ப்பிலிருந்து வெகுவாக விலகுகிறது என்று என் அட்டவணை சொல்லிற்று. பெண்பாற் புலவரின் தொடரமைப்பில் வினைகள் அடுக்கி விரையும் போக்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன் என்றும் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் தலையசைத்தார்கள். உண்மையில் அந்த எச்சம் 281ஆம் பாட்டுக்கு, அதாவது அரிசில் கிழாருக்கு, உரியது. மாணவி ஒருவர் என் விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இல்லாத பாட்டுக்கு எச்சம் எப்படி வந்தது?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மென்பொருளின் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன்.

இப்பிழையின் இயல்பைக் கவனிக்க வேண்டும். கெழுக்கள் சரியாக இருந்தன. திட்டப் பிழைகளும் சரியே. 398 பாட்டுகளை வைத்துச் செய்த கணக்கில் குறையொன்றும் இல்லை. கணக்கு முடிந்தபின், விடையைப் பாட்டுகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான் தவறு நேர்ந்தது. தமிழியலார்க்கு அந்த இடமே முதன்மையானது. பொருளியலாளர் கெழுவோடு நின்றுவிடலாம்; நாமோ கெழுவைக் கடந்து, எந்தப் பாட்டு, எந்தப் புலவர் என்று கேட்பவர்கள். ஆதலால் எச்சங்களின் வரிசை குலைவது மற்றத் துறைகளைவிட நமக்கே அதிகம் கேடு செய்யும்.

மென்பொருள் செய்வதை ஒரு பொது எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆர் மென்பொருளுடன் வரும் காற்றுத்தரத் தரவு நியூயார்க் நகரில் 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நாள்தோறும் எடுத்த அளவுகளைக் கொண்டது. மொத்தம் 153 வரிசைகள். அவற்றுள் ஓசோன் அளவு 37 நாள்களிலும், சூரியக் கதிர்வீச்சு அளவு 7 நாள்களிலும் இல்லை. இரண்டும் இல்லாத நாள்கள் 2. ஓசோனைச் சார்ந்த மாறியாகவும் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பம் ஆகியவற்றைச் சாரா மாறிகளாகவும் கொண்டு மாதிரி அமைத்தால் 42 வரிசைகள் நீங்கி, 111 வரிசைகளே கணக்கில் நிற்கும். வரையற்ற பாகைகள் 107. நிர்ணயக் கெழு 0.6059. சுருக்க வெளியீட்டின் அடியில் 42 உற்றுநோக்கல்கள் விடுபட்டதால் நீக்கப்பட்டன என்று ஒரு வரி அடைப்புக்குறிக்குள் வரும். மாதிரியின் பெயரை மட்டும் தட்டி அச்சிட்டால் அந்த வரியும் வராது. கெழுக்கள் மட்டுமே வரும்.

அந்த 42இன் பரவலை மாதவாரியாகப் பார்த்தவர்கள் குறைவு. ஓசோன் அளவு இல்லாத 37 நாள்களில் 21 நாள்கள் சூன் மாதத்தவை. முப்பது நாளில் ஒன்பது நாளே எஞ்சுகின்றது. கோடை ஐந்து மாதத்திற்குமான மாதிரி என்று பெயரிட்டாலும், சூன் மாதத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய வாய் திறக்கவில்லை. வெளியீட்டின் எந்த வரியும் இதைச் சொல்லாது.

இனி எச்சங்கள். ஆர் மென்பொருளின் இயல்பு ஏற்பாடு என்.ஏ. ஒமிட் எனப்படும். விடுபட்ட வரிசையை நீக்கிவிட்டு 111 எச்சங்களைத் தரும். ஒவ்வோர் எச்சத்தின் தலையிலும் பழைய வரிசை எண் ஒட்டிக்கொண்டிருக்கும்: 1, 2, 3, 4, அடுத்தது 7. ஐந்தும் ஆறும் போய்விட்டன என்பதை அந்த எண்களே காட்டும். என்னைப் போல் மதிப்பை மட்டும் படியெடுப்பவர் அந்தக் காப்பைத் தாமே கழற்றி எறிகிறார். படியெடுக்காமல் மென்பொருளுக்குள்ளேயே மூல அட்டவணையில் புதிய நெடுக்கையாகச் சேர்க்க முயன்றால், 111 மதிப்புகள் 153 வரிசைகளுக்குப் பொருந்தா என்று மென்பொருள் மறுத்துவிடும். அந்த மறுப்பைக் கண்டு எரிச்சலடையாதவர் இல்லை. ஆனால் அது நம்மைக் காக்கும் மறுப்பு.

அந்தக் காப்பும் எப்போதும் கிடைப்பதில்லை. மூல அட்டவணையின் வரிசை எண்ணிக்கை எச்சங்களின் எண்ணிக்கைக்கு முழு மடங்காக அமைந்துவிட்டால், ஆர் மறுக்காது. கிடைத்த மதிப்புகளைத் திரும்பவும் முதலிலிருந்து இட்டு நிரப்பிவிடும். 400 வரிசையில் 200 நீங்கி 200 நின்றால், முதல் இருநூறு வரிசைகளுக்கும் அடுத்த இருநூறு வரிசைகளுக்கும் அதே எச்சங்கள் இருமுறை எழுதப்படும். எச்சரிக்கை வராது. நானூறு பாட்டுகள் கொண்ட தொகைநூல்களில் ஆய்வு செய்யும் நமக்கு இது வெறும் கற்பனைக் கவலையன்று.

தீர்வு எளிது. மாதிரி அமைக்கும்போதே விடுபட்டவற்றைக் கையாளும் முறையாக என்.ஏ. எக்ஸ்குளூட் என்பதைக் குறிப்பிட்டால், கெழுக்கள் சற்றும் மாறா. ஆனால் எச்சங்களைக் கேட்கும்போது விடுபட்ட வரிசைகளில் என்.ஏ. என்னும் குறியை இட்டு, மூல அட்டவணையின் நீளத்திலேயே தரும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எச்சங்களைப் பெறுதற்குரிய சார்பின் வழியாகக் கேட்டால்தான் இந்த நிரப்பல் நிகழும். மாதிரியின் உள்ளிருந்து டாலர் குறி இட்டு நேரே எடுத்தால் பழையபடி குறைந்த நீளமே வரும். இரண்டும் ஒன்றே என்று நம்பும் ஆய்வாளர்களை நான் கண்டிருக்கிறேன்; நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நம்பினேன்.

மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்கிறேன். எஸ்.பி.எஸ்.எஸ். இயல்பாகவே குறையுள்ள வரிசையை முழுதும் நீக்கும். எச்சங்களைச் சேமிக்கச் சொன்னால் உரிய வரிசையிலேயே இடும். ஸ்டாட்டாவும் அவ்வாறே வரிசை காக்கும். ஆனால் அங்கே விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கொள்ளப்படுவதால், 'இருபது அடிக்கு மேற்பட்ட பாட்டுகள்' என்று கேட்டால் அடியெண்ணிக்கையே தெரியாத பாட்டுகளும் உடன் வந்து நிற்கும்.

மென்பொருளைக் குறைகூறி இக்கட்டுரையை முடித்துவிட இயலாது. விடுபட்டது விடுபட்டதாகவே உள்ளே சென்றால்தான் மென்பொருள் அதை அறியும். நாமோ பல நேரங்களில் இன்மைக்கு ஓர் உருக்கொடுத்து அனுப்புகிறோம். எண்பதுகளில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் விடை கிடைக்காத கட்டத்தில் 99 என்று துளையிடுவது வழக்கம். அதை விடுபட்ட மதிப்பென்று அறிவிக்க மறந்தால், தொண்ணூற்றொன்பது அகவையர் பலர் அட்டவணையில் தோன்றுவர். புறநானூற்றின் பிற்பகுதியில் அடிகள் சிதைந்த பாட்டுகள் பல உண்டு. அவற்றில் எஞ்சிய அடிகளை எண்ணி, அதையே பாட்டின் அடியளவாக நான் இட்டிருந்தேன். முழுவதும் மறைந்த இரு பாட்டுகளை விடுபட்டவை என்று கொண்ட நான், பாதி மறைந்தவற்றை முழுமையானவையாகக் கொண்டேன். மாணவி அதையும் கேட்டிருக்கலாம். என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார் போலும்.

ஆசிரியர் பெயரில் இச்சிக்கல் இன்னும் வலியது. சங்க இலக்கியத்தின் 2381 பாட்டுகளில் 102 பாட்டுகளுக்கு ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பது வழக்கமான கணக்கு. ஆசிரியரை ஒரு வகைமாறியாகச் சேர்க்கும்போது அக்கட்டத்தில் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதினால், மென்பொருள் அவரை ஒரு புலவராகவே கொள்ளும். தொகை பல கடந்து நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் பாடிய ஒரு பெரும்புலவர் பிறந்துவிடுவார். கட்டத்தை வெறுமையாக விட்டாலும் தப்ப முடியாது. எண் நெடுக்கையில் வெறுமையை விடுபட்டதாகக் கொள்ளும் ஆர், எழுத்து நெடுக்கையில் அதை எழுத்தற்ற ஒரு சொல்லாகக் கொள்ளும். அப்போது வெற்றுப் பெயருடைய புலவருக்கு ஒரு கெழு வந்து சேரும். கோப்பைப் படிக்கும்போதே வெறுமையும் விடுபட்டதே என்று அறிவிக்காதவரை இது நிகழும்.

இதற்கு முந்திய ஓர் இட்டுநிரப்பல் நம் மரபிலேயே உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார், தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிய பெயர்கள் அவரவர் பாட்டிலுள்ள தொடரிலிருந்தே எடுக்கப்பட்டவை. இயற்பெயர் கிடைக்காத இடத்தைப் பாட்டின் சொல்லைக் கொண்டே நிரப்பியிருக்கிறார்கள். இலக்கிய நோக்கில் இதைவிட நயமான செயல் இல்லை. புள்ளியியல் நோக்கில் இது சார்ந்த மாறியிலிருந்தே சாரா மாறியை நிரப்பியதாகும். ஆசிரியருக்கும் உவமைக்கும் உள்ள தொடர்பை அளக்கும் மாதிரியில் இப்பெயர்களைப் பிற பெயர்களோடு ஒப்ப வைத்தால், பாட்டு தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். இப்புலவர்களை மாதிரியிலிருந்து நீக்குவதா, தனிக்குறி இட்டு வைப்பதா என்பதில் கருத்து வேறுபடலாம். எந்த முடிவாயினும் கட்டுரையில் சொல்லப்பட வேண்டும்.

குறையுள்ள வரிசையை நீக்குவதே தவறு என்று சிலர் வாதிடுகின்றனர். அது மிகை. டொனால்டு ரூபின் 1976இல் வெளியிட்ட கட்டுரைக்குப்பின், இழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதே முதற்கேள்வியாயிற்று. இழப்பு முற்றிலும் தற்செயலாக நேர்ந்திருந்தால், நீக்குவதால் துல்லியம் குறையுமேயன்றிச் சாய்வு நேராது. இழப்பு சாரா மாறிகளை மட்டும் சார்ந்ததாயின், மாதிரி சரியாக அமைந்தவிடத்துக் கெழுக்கள் அப்போதும் பழுதுறா. காணாமற்போன மதிப்பே இழப்புக்குக் காரணமாகும்போதுதான் நீக்கம் நம்மை ஏமாற்றும். வெறுமையைச் சராசரியால் நிரப்புவது இவை எல்லாவற்றினும் கீழானது; பரவல் சுருங்கி, அறியாததை அறிந்ததாகக் காட்டும். ஒரு வெறுமையைப் பலமுறை பலவாறு நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் மாதிரி அமைத்து, நிரப்பல்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டையும் திட்டப் பிழையில் சேர்க்கும் பன்முறை நிரப்பல் அதைவிட நேர்மையானது.

ஓலைச்சுவடியின் இழப்பு தற்செயலானதா? புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டு வரையிலேயே கிடைத்துள்ளது. அதற்கு அடுத்த இரு பாட்டுகள் மறைந்தன. சிதைவும் அதற்குப் பின்னரே மிகுதி. உரையின் துணை இல்லாத பகுதியில் இழப்பு கூடுகிறதெனில், பாட்டின் இடம் இழப்போடு தொடர்புடையது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கட்டின் தலையும் கடையும் முதலில் தேயும் என்பது சுவடி கையாண்டவர்க்குத் தெரியும். ஒவ்வொரு பத்தும் ஒரு சேரமன்னனைப் பற்றியதாகையால், இருபது பாட்டுகளோடு இரு மன்னர்களும் அட்டவணையிலிருந்து போய்விட்டார்கள். மன்னனை ஒரு மாறியாகக் கொண்ட மாதிரிக்கு எந்த நிரப்பலும் அவ்விருவரைப் பற்றி எதையும் சொல்லாது. தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் எஞ்சிய சில துணுக்குகள் கணக்கிடப் போதா. ஆகவே அத்தகைய கட்டுரையின் தலைப்பில் 'சேரமன்னர்' என்றில்லாமல் 'எட்டுப் பத்துகளின் மன்னர்' என்றிருப்பதே முறை. தலைப்பின் கவர்ச்சி குறையும்; குறையட்டும்.

இலக்கியத்துக்கு வெளியே இதே குறை இன்னும் கனமாகிறது. நம் மாநாடுகளில் ஈழத்துச் சமூகவியல் குறித்த கட்டுரைகளும் இடம்பெறுவதால் இதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 1981க்குப் பின் இருபது ஆண்டுகள் குடிமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே அது முழுமையடைந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழும் விடுபட்டன அல்லது குறைபட்டன. 2001ஆம் ஆண்டு மதிப்பு ஒன்றைச் சாரா மாறியாகக் கொண்டு மாவட்டவாரி மாதிரி அமைத்தால், மென்பொருள் இந்த ஏழு வரிசைகளையும் ஓசையின்றி நீக்கும். வெளியீட்டில் கெழுக்கள் ஒழுங்காக வரும். வரையற்ற பாகைகளைப் பார்த்து மாறிகளையும் மாறிலியையும் கூட்டிப் பார்ப்பவர்க்கு மட்டும் 18 என்னும் எண் தெரியும். அட்டவணையின் தலைப்பிலோ 'இலங்கை' என்றே இருக்கும்.

இந்த ஏழு மாவட்டங்களின் இழப்பு தற்செயலானதன்று. எந்தப் போரின் விளைவை அளக்க முனைகிறோமோ, அப்போரே அம்மதிப்புகள் இல்லாமற் போனதற்குக் காரணம். மற்றப் பதினெட்டு மாவட்டங்களிலிருந்து யாழ்ப்பாணத்தை இட்டு நிரப்புவது, போர் இல்லாத இடத்தின் வாழ்வைப் போர் நடந்த இடத்துக்கு எழுதிக்கொடுப்பதாகும். பன்முறை நிரப்பல் செய்தாலும் அதன் அடிப்படை ஊகம் இங்கே நிற்காது. 1981, 2012 ஆகிய இரு குடிமதிப்புகளைக் கொண்டு இடைப்பட்டதை நேர்கோடாக இழுப்பவரும் உண்டு. அந்தக் கோட்டின் நடுவே பெரும் இடப்பெயர்வுகள் நிகழ்ந்தன. என் குடும்பமும் அந்தக் கோட்டில் ஏதோ ஓரிடத்தில் எண்ணப்படாமல் இருக்கிறது. பதினெட்டு மாவட்டங்களுக்கு மட்டும் மாதிரி அமைத்து, அதைப் பதினெட்டு மாவட்டங்களின் மாதிரி என்றே அழைப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

மாநாட்டுத் தொகுப்புகளின் பதிப்பாளர்கள் ஒன்றை வலியுறுத்தலாம். தொடர்புப் போக்கு அட்டவணை ஒவ்வொன்றிலும் மூல வரிசைகள் எத்தனை, கணக்கில் நின்றவை எத்தனை, நீங்கியவை எவை என்பன அச்சிடப்பட வேண்டும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வரிசைகளின்மேல் அமைந்தனவா என்பதும் சொல்லப்பட வேண்டும். ஒரு மாறியைக் கூட்டியதும் ஐந்து வரிசைகள் குறைந்தால், நிர்ணயக் கெழு உயர்ந்ததற்கு அம்மாறி காரணமா, அந்த ஐந்து வரிசைகளின் இன்மை காரணமா என்று யாராலும் சொல்ல இயலாது. பக்கக் கட்டுப்பாடு பற்றிய மறுப்பு வரும். விண்மீன்களைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

என் கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பு எழுதியனுப்பினேன். சிதைந்த பாட்டுகளையும் விடுபட்டவையாகக் கொண்டு மாதிரியைப் புதிதாக அமைத்தபோது 279இன் எச்சம் மிகச் சாதாரணமானதாக வந்தது. மாசாத்தியாரின் வினைகளைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கங்களில் பாட்டை மட்டும் படித்து எழுதிய அரைப்பக்கம் இன்றும் நிற்கும் என்று நினைக்கிறேன். மற்றதை நீக்கச் சொல்லிவிட்டேன். அட்டவணையில் இப்போது புதிதாக ஒரு நெடுக்கை உண்டு. பாட்டு முழுமையா, சிதைவா, இல்லையா என்பதை அது காட்டும். 267க்கும் 268க்கும் எதிரே எச்ச நெடுக்கையில் என்.ஏ. என்றிருக்கிறது.